பக்கத்து வீட்டில் பொங்கிய பால்

வீடு மாறுவதில் ஒரே ஒரு நல்ல விஷயம் உண்டு. அது ஒரு நாள் முடிந்துவிடும். போன மாதம் வடவள்ளியில் சொந்தமாக ஒரு ஃப்ளாட்டுக்குக் குடிவந்தோம். கடைசி அட்டைப்பெட்டியைப் பிரித்து, அதற்குள் இருந்த மூடியில்லாத டப்பாக்களையும் டப்பா இல்லாத மூடிகளையும் பார்த்துவிட்டு, அப்பாடா என்று வெறும் தரையில் காலை நீட்டிப் படுத்தேன். கல்யாணத்துக்கு முன்னும் பின்னும் இந்தக் கோயமுத்தூரில் நான் குடியிருந்த வீடுகளெல்லாம் வரிசையாக ஞாபகத்துக்கு வந்தன. ஒன்றைக்கூட மறுபடி பார்க்க வேண்டாம் என்றுதான் தோன்றியது.

பழைய வீடுகளை நினைத்து உருகுகிற ஆள் நான் இல்லை. உருகுவதற்கு அங்கே என்ன இருந்தது? கணபதிப் பகுதியில் இருந்த வீட்டுக்கார அம்மா, நாங்கள் வேலைக்குப் போன பிறகு மாடிக்கு வந்து, எங்கள் குழம்புச் சட்டியைத் திறந்து முகர்ந்து பார்த்துவிட்டுப் போவார். சாயந்திரம் நாங்கள் திரும்பினால், "அம்மணி, இன்னைக்குப் புளி கொஞ்சம் எச்சாப் போச்சுங்க" என்று மரியாதையாகச் சொல்வார். அந்த மரியாதைக்கு முன்னால் யாரும் சண்டை போட முடியாது. நாங்களும் "சேரிங்க, நாளைக்குக் கம்மி பண்ணிக்கறமுங்க" என்று சொல்லிவிட்டு வருவோம்.

நாங்கள் என்றால் மூன்று பேர். சோமனூர் சுமதி விசைத்தறி வீட்டுப் பெண். பிறந்ததிலிருந்து தறிச் சத்தத்திலேயே தூங்கி வளர்ந்தவள். அமைதி இருந்தால் அவளுக்குத் தூக்கம் வராது. அதற்காகவே தடதடவென்று ஆடுகிற ஒரு பழைய டேபிள் ஃபேனை ஊரிலிருந்து கொண்டுவந்திருந்தாள். கரண்ட் போனால் மற்றவர்கள் புழுக்கத்தில் எழுந்து உட்காருவார்கள். அவள் நிசப்தம் தாங்காமல் எழுந்து உட்காருவாள். இன்னொருத்தி பல்லடத்துப் பிரியா. அப்பா கோழிப்பண்ணை வைத்திருந்தார், ஆனால் அவள் முட்டையைத் தொட மாட்டாள். நாங்கள் ஆம்லெட் போட்டால், ஏதோ அவள் சொந்தக்காரரை வறுக்கிற மாதிரி அந்தப் பக்கம் திரும்பிக்கொள்வாள். மூன்றாவது நான், கோபிசெட்டிபாளையத்து மாலதி. என்னிடம் இருந்த ஒரே குறை, எனக்கு எல்லாம் தெரியும் என்று நான் நினைத்துக்கொண்டிருந்ததுதான். (என் கணவர் 'இருந்தது' என்ற இறந்தகாலத்தை ஆட்சேபிக்கிறார்.)

கணபதி வீட்டுக்காரரின் மகன் குடும்பம் ஊருக்குத் திரும்பி வருவதாக இருந்தது. அவர் எங்களிடம் ரொம்பத் தன்மையாகச் சொன்னார். "ஆடி மாசத்துல ஒருத்தரைக் காலி பண்ணச் சொன்னாப் பாவமுங்க. அதனால ஆனியிலயே கெளம்பிக்குங்க."

ஆடியில் யாரும் யாரையும் போகச் சொல்ல மாட்டார்கள் என்பது உண்மைதான். ஆடியில் யாரும் யாருக்கும் வீடு கொடுக்கவும் மாட்டார்கள் என்பது அதைவிட உண்மை. கல்யாணமாகாத மூன்று பெண்கள் என்றாலே வீட்டுக்காரர்கள் முகம் சுண்டிப்போகும். தெருத் தெருவாக அலைந்து, கடைசியில் பிரியாதான் சிங்காநல்லூர்ப் பக்கம் ஒரு மாடி வீட்டைக் கண்டுபிடித்தாள். வீட்டுக்காரர் வேலுச்சாமி ஐயா. எங்களை நேரில் பார்த்து, ஆணி அடிப்பீங்களா, ராத்திரியில மாவாட்டுவீங்களா, பிரச்சனை ஏதாச்சும் வருமா என்றெல்லாம் விசாரித்து, அரை மனதோடு சரி என்றார். ஆனி மாதத்தின் கடைசி நல்ல நாளில் பால் காய்ச்சுவது என்று முடிவாயிற்று. அந்த வீடும் கைவிட்டுப் போனால் ஆடி முழுக்க நாங்கள் மூன்று பேரும் மூன்று திசையில் ஊருக்குத் திரும்ப வேண்டியதுதான். ஊருக்குத் திரும்பினால் எனக்கு வேலை போகும். சுமதிக்கு, வீட்டில் தயாராக வைத்திருக்கிற மாப்பிள்ளையோடு கல்யாணம் ஆகும்.

முதல் நாள் ஐயா போனில் சொன்னார். "காலையில எனக்கு ஒரு சோலி இருக்குதுங்க. மேல கதவைத் தொறந்து வெச்சுப்போட்டுப் போறேன். நீங்க வந்து பாலக் காச்சிக்குங்க. நான் பொறவு வந்து பாக்கறேன்."

பிரியா அன்று பல்லடத்திலிருந்து நேரே பஸ்ஸில் வருவதாக ஏற்பாடு. கட்டில், வாளி, துணி மூட்டை எல்லாவற்றையும் ஒரு குட்டியானை வண்டியில் ஏற்றிக்கொண்டு நானும் சுமதியும் கிளம்பினோம். சுமதி அந்த ஃபேனை மட்டும் மடியிலேயே வைத்திருந்தாள். பிரியா போனில் அடையாளம் சொன்னாள். "ஒரே மாதிரி ரெண்டு மஞ்ச ஊடு பக்கத்துல பக்கத்துல இருக்கும். மொதல்ல வர்ற ஊடுதான் நம்முது."

அவள் சொன்னதில் ஒரு தப்பும் இல்லை. ஆனால் தெருமுனையில் பாதாளச் சாக்கடைக்குக் குழி வெட்டிப் போட்டிருந்தார்கள். வண்டிக்காரர் சுற்றிக்கொண்டு தெருவின் மறுகோடி வழியாக உள்ளே விட்டார். அந்தப் பக்கமிருந்து வந்தால் முதலில் வருவது எந்த வீடு என்று சின்னக் குழந்தையும் சொல்லும். எனக்குத் தோன்றவில்லை.

"ஒருக்கா கேட்டுப்போட்டுப் போலாங்க்கா" என்றாள் சுமதி.

"நான் பாத்த ஊடு, எனக்குத் தெரியாதா?" என்றேன். (பார்த்தது ஒரே ஒரு தடவை. அதுவும் குடைக்குள் இருந்து.)

அண்ணனும் தம்பியும் ஒரே மேஸ்திரியை வைத்து, ஒரே பிளானில், ஒரே பெயிண்ட் அடித்துக் கட்டிய வீடுகள் அவை. கேட் ஒன்றுபோல, வெளியே ஏறுகிற மாடிப்படி ஒன்றுபோல. ஒரே வித்தியாசம், நாங்கள் போய் நின்ற வீட்டு வாசலில் பெரிய கோலம் போட்டு, மாவிலைத் தோரணம் கட்டி, இரண்டு பக்கமும் வாழைக்கன்று நிறுத்தியிருந்தார்கள். பின்பக்கம் ஒரு சமையல்காரர் கேசரி கிண்டிக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும், "மேல போங்க அம்மணி, பாலு அடுப்பு எல்லாம் ரெடியா இருக்குது" என்றார்.

சுமதி அப்படியே நின்றுவிட்டாள். "ஏங்க்கா, வாடகைக்கு வர்றவங்களுக்கு இப்படியெல்லாமா செய்வாங்க?"

"நல்ல மனசு புள்ள. சில பேருக்கு அன்பை வெளிய காட்டத் தெரியாது" என்று சொல்லிக்கொண்டே படியேறினேன். ஆணியைப் பற்றிக் கேட்ட மனிதரைப் போய்த் தப்பாக நினைத்துவிட்டோமே என்று எனக்குக் கண் கலங்கிவிட்டது. சத்தியமாகக் கலங்கியது.

மேலே கதவு திறந்திருந்தது. புது டைல்ஸ். புது ஸ்டவ். மஞ்சள் கிழங்கு கட்டிய பித்தளைப் பானை, பக்கத்தில் ஒரு சொம்பு நிறையப் பசும்பால். அரிசி, உப்பு, வெல்லம், பூ வைத்த குத்துவிளக்கு, வரிசையாக வெள்ளி டம்ளர்கள். படுக்கையறையில் பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காத மெத்தை. எங்கள் பாக்கெட் பாலைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கவே வெட்கமாக இருந்தது. அதை வண்டியிலேயே வைத்துவிட்டு வரச் சுமதியிடம் சொல்லிவிட்டு, கோபிக்கு வீடியோ காலில் அம்மாவைக் கூப்பிட்டேன்.

அம்மா பக்கத்து வீட்டுக்காரர்களையெல்லாம் சேர்த்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "பாருங்க, எம்புள்ளைக்கு ஊட்டுக்காரரு எப்படிச் செஞ்சு வெச்சிருக்கறாருன்னு" என்று போனை அவர்களிடம் திருப்பித் திருப்பிக் காட்டினார். பிறகு என்னிடம், "அவங்க இல்லாம எப்படி கண்ணு காச்சறது?" என்று கேட்டார்.

"அவருக்கு ஏதோ சோலியாமா. காச்சிக்கச் சொல்லிட்டாரு."

"செரி, அப்பக் காச்சு. நல்ல நேரம் போகுது பாரு."

காய்ச்சினேன். பால் நுரைத்து எழுந்து அழகாகப் பொங்கி வழிந்தது. கோபியில் கைதட்டினார்கள். வெள்ளி டம்ளரில் ஊற்றி வெல்லம் போட்டு ஆளுக்கு ஒன்று எடுத்துக்கொண்டோம். வண்டிக்காரர் எங்கள் வாளியையும் மூட்டைகளையும் ஹால் நடுவில் குவித்துவிட்டு, வண்டியைக் கீழேயே விட்டு டீ குடிக்கப் போனார். நான் எங்கள் பாயை விரித்து உட்கார்ந்தேன். சுமதி மெத்தை மேல் உட்கார்ந்து, "ஜம்முனு இருக்குதுங்க்கா" என்றாள். அதோடு விட்டிருக்கலாம். ஃபேனையும் பிளக்கில் மாட்டிப் போட்டாள். அது போடுகிற தடதடப்பில் தெருவில் மேளம் அடித்தால்கூடக் கேட்காது.

தெருவில் மேளம்தான் அடித்திருக்கிறார்கள்.

பிள்ளையார் கோயிலில் பூஜை முடித்துவிட்டு ஒரு குடும்பமே ஊர்வலமாக வந்து படியேறியிருக்கிறது. எங்களுக்கு ஒன்றும் கேட்கவில்லை. திடீரென்று வாசலை அடைத்துக்கொண்டு பட்டுப் புடவைகள் நின்றன. முன்னால் ஒரு அம்மா, கையில் விளக்கு. அவர் பக்கத்தில் தண்ணீர்க் குடத்தோடு ஒரு இளம்பெண், பட்டு வேட்டியில் அவள் கணவர். பின்னால் தட்டுகளோடு சொந்தபந்தம்.

எனக்கு என்ன தோன்றியது என்று இன்றுவரை என்னால் விளக்க முடியவில்லை. புதுக் குடித்தனத்தைப் பார்க்க அக்கம்பக்கத்தார் தட்டோடு வந்திருக்கிறார்கள் என்று நினைத்தேன். எழுந்து, ஈறு தெரியச் சிரித்து, இரண்டு கையையும் கூப்பினேன்.

"வாங்க வாங்க. உள்ள வாங்கம்மா. உக்காருங்க, பாலு குடிங்க."

வீட்டுக்காரியையே அவர் வீட்டுக்கு வரவேற்றேன். அவர் பெயர் சரசம்மா என்பது பிறகுதான் தெரியும். ஆனால் கொங்குநாட்டு வளர்ப்பு இருக்கிறதே, அதை என்ன சொல்வது. யாராவது வாங்க என்றால் வந்துதானே ஆக வேண்டும். "சேரிங்க அம்மணி" என்று சொல்லி, விளக்கைக் கீழே வைத்துவிட்டு, சரசம்மா என் பாயில் உட்கார்ந்து, நான் நீட்டிய டம்ளரையும் வாங்கிக்கொண்டார். வாய்க்குப் பக்கத்தில் கொண்டுபோன பிறகுதான், அது தன் டம்ளர் என்று கண்டுபிடித்தார்.

"ஏனுங்க அம்மணி, நீங்க யாருங்க?"

"இங்க புதுசாக் குடிவந்திருக்கறமுங்க."

"எங்கூட்டுக்குங்களா?"

நான் பதில் சொல்வதற்குள் அவர் கண் அடுப்புக்குப் போய்விட்டது. பானையைச் சுற்றிப் பால் வழிந்து காய்ந்திருந்தது. "பாலப் பொங்க வெச்சுப்போட்டீங்களா" என்று மெதுவாகக் கேட்டார். கத்தியிருந்தால்கூடத் தேவலை. டம்ளரைக் கீழே வைத்துவிட்டு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். கண்ணில் தண்ணீர் இறங்கியது.

அவர் ஏன் அப்படி அழுதார் என்பது பின்னால் தெரிந்தது. அவருக்கு ஒரே மகள் கவிதா. பெங்களூரிலிருந்து கவிதாவும் மாப்பிள்ளையும் கோயமுத்தூருக்கு மாற்றலாகி வருகிறார்கள் என்று ஆசையாசையாக அந்த மாடியைக் கட்டியிருந்தார். ஆனால் பையன் மாமியார் வீட்டு மாடியில் குடியிருப்பதில் தாராபுரத்துச் சம்பந்தியம்மாவுக்குச் சம்மதமே இல்லை. ஊர் என்ன சொல்லும் என்று இழுத்து இழுத்து, கடைசியில் வந்திருந்தார். ஏதாவது ஒரு சகுனம் சரியில்லை என்றால் மூட்டையைக் கட்டிவிடுவார் என்று எல்லாருக்கும் தெரியும். அப்படிப்பட்ட நாளில், கவிதா கையால் பொங்க வேண்டிய முதல் பாலை, முன்பின் தெரியாத நான் பொங்க வைத்துக் குடித்தும் முடித்திருந்தேன்.

கூட்டத்தின் பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது. "அடக் கெரகமே, இதுங்க நம்மூட்டுக்கு வர்ற புள்ளைங்களாச்சே."

வேலுச்சாமி ஐயா. கையில் வாழைப்பழத் தட்டு. அவருடைய காலைச் சோலி, தம்பி மகள் கவிதாவின் வீட்டில் பால் காய்ச்சுகிற இந்த விசேஷம்தான். முன்னால் வந்து, எங்கள் வாளியையும் ஆடுகிற ஃபேனையும் பார்த்தார். முகம் கறுத்துவிட்டது.

"அம்மணி, கோவிச்சுக்காதீங்க. சாமானை வண்டியில ஏத்திக்குங்க. உங்களுக்கும் நமக்கும் ஒத்துவராதுங்க."

மரியாதையாகத்தான் சொன்னார். விடிந்தால் ஆடி. சுமதி என் கையைப் பிடித்துக்கொண்டு, "நாஞ் சொன்னனல்லங்க்கா, ஒருக்கா கேக்கலாம்னு" என்று அழ ஆரம்பித்தாள். நான் யாரிடம் மன்னிப்புக் கேட்பது என்று தெரியாமல், குத்துவிளக்கைப் பார்த்துக் கும்பிட்டுக்கொண்டு நின்றேன்.

அப்போதுதான் சம்பந்தியம்மா உள்ளே வந்தார். சுமதியின் ஃபேனை அவரே போய் நிறுத்தினார். அடுப்புக்குப் போய்க் குனிந்து பார்த்தார். என் பக்கம் திரும்பினார்.

"எந்தப் பக்கமுங்க பொங்குச்சு?"

எனக்கு அந்த வீட்டில் கிழக்கும் தெரியாது, மேற்கும் தெரியாது. ஜன்னலில் சாய்த்து வைத்திருந்த போனிலிருந்து பதில் வந்தது.

"கெழக்காலதானுங்க பொங்குச்சு. நான் பாத்துட்டே இருந்தனுங்க."

கோபிக்குப் போட்ட வீடியோ காலை நான் நிறுத்தவே இல்லை. சம்பந்தியம்மா போனைக் கையில் எடுத்தார். "நீங்க யாருங்க?"

"இந்தப் புள்ளையோட அம்மாங்க. வெயிலு ஜன்னல் வழியா அடுப்பு மேல உழுந்துச்சுங்க. அந்தப் பக்கமாத்தானுங்க பாலு வழிஞ்சுது. அது தெரியாத்தனமாப் பண்ணிப்போடுச்சுங்க. என்னைய வேண்ணா ரெண்டு வார்த்தை வையுங்க, அதுங்களை உட்டுருங்க."

"உங்களுக்கு எந்த ஊருங்க?"

"கோபிங்க."

"கோபியில எங்கீங்க?"

அவ்வளவுதான். எங்கள் பக்கத்தில் 'எங்கீங்க' என்று ஒருவர் கேட்டுவிட்டால், பேச்சு ஒரு சொந்தக்காரரைப் பிடிக்காமல் நிற்காது. அம்மா தெருவைச் சொன்னார். சம்பந்தியம்மாவின் சின்னம்மா மகளை அடுத்த தெருவில்தான் கட்டிக் கொடுத்திருந்தார்களாம். "அட, நம்ம பாப்பாத்தியக்கா ஊடுங்களா?" என்று அம்மா போனுக்குள் இருந்து கூவினார். பாப்பாத்தியக்காவின் முட்டி வலி எப்படி இருக்கிறது, போன கல்யாணத்தில் அவர் ஏன் சாப்பிடாமல் போனார் என்றெல்லாம் பேச்சு போயிற்று. பட்டுப் புடவைகள் எல்லாம் தட்டைக் கையில் ஏந்தியபடி காத்துக்கொண்டிருந்தன. என் தலையெழுத்து, முகம் தெரியாத ஒரு அக்காவின் முழங்காலில் தொங்கிக்கொண்டிருந்தது.

ஒருவழியாகப் பேசி முடித்து, சம்பந்தியம்மா போனை என் கையில் கொடுத்தார். "கன்னிப்புள்ளைங்க வந்து பாலு காச்சி, அதுவும் கெழக்கால பொங்கியிருக்குது. இதுக்கு மேல என்னங்க வேணும்? நாம பாட்டுக்குக் கோயில்ல நின்னுட்டிருந்தோம். நல்ல நேரம் தாண்டியிருக்கும்." சொல்லிவிட்டு அவரே ஒரு டம்ளரை எடுத்து முதல் வாய் குடித்தார். "இனிப்புக் கொஞ்சம் கம்மி" என்றார்.

கவிதா அதுவரை குடத்தைப் பிடித்துக்கொண்டு நின்றவள், அடக்க முடியாமல் சிரித்துவிட்டாள். அவள் சிரித்ததும் சரசம்மாவும் அழுதுகொண்டே சிரித்தார். எனக்கு அவர் காலில் விழுந்து எழுந்திருக்க வேண்டும்போல இருந்தது. விழுந்தேன். (நடுவில் எங்கள் வாளி இருந்ததால் கொஞ்சம் கோணலாக விழுந்தேன்.)

வேலுச்சாமி ஐயா மட்டும் இன்னும் தட்டோடு நின்றார். சம்பந்தியம்மா அவரைப் பார்த்து, "அந்தப் புள்ளைங்க ஊட்டையும் தொறந்து காட்டுங்க. நேரத்தோட அங்கயும் காச்சிப்போடலாம்" என்றார். சம்பந்தி சொல்லுக்கு மறுசொல் உண்டா? ஐயா எங்கள் துணி மூட்டையை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டார்.

எங்கள் நிஜமான வீட்டில் தோரணமும் இல்லை, ஒன்றும் இல்லை. மூலையில் ஒட்டடை இருந்தது, குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. ஆனால் கதவை நிஜமாகவே திறந்துதான் வைத்திருந்தார், பாவம். எங்கள் பாக்கெட் பால், வண்டிக்குள் வெயிலில் திரிந்துபோயிருந்தது. சரசம்மாதான் தன் வீட்டிலிருந்து பாலும் கேசரியும் கொண்டுவந்தார். மொத்த விசேஷக் கூட்டமும் எங்கள் கட்டிலையும் வாளியையும் மூட்டைகளையும் தூக்கிக்கொண்டு படியேறிக்கொண்டிருந்தபோது, பல்லடம் பஸ்ஸிலிருந்து இறங்கி பிரியா வந்து சேர்ந்தாள். மாப்பிள்ளை பட்டு வேட்டியோடு எங்கள் துடைப்பத்தைக் கொண்டுபோவதைப் பார்த்துவிட்டு என் காதில் சொன்னாள். "நாஞ் சொன்னனில்ல, தங்கமான மனுசங்கன்னு."

அந்த வீட்டில்தான் எங்கள் மூன்று பேருக்கும் கல்யாணம் ஆகும் வரை இருந்தோம். சுமதி இப்போது வெளிநாட்டில், சத்தமே இல்லாத ஒரு ஊரில், போனில் பதிவு செய்த தறிச் சத்தத்தைப் போட்டுக்கொண்டு தூங்குகிறாள். பிரியா அப்பாவின் பண்ணையைப் பார்த்துக்கொள்கிறாள். முட்டை இன்னும் சாப்பிடுவதில்லை.

எனக்குத்தான் விமோசனம் இல்லை. அன்று கோபியில் போனைச் சுற்றி உட்கார்ந்திருந்தவர்கள் மூலம் கதை ஊர் முழுக்கப் பரவிவிட்டது. எந்தச் சொந்தக்காரர் வீட்டுக்கு நான் போனாலும், என் தலை தெரிந்ததுமே உள்ளேயிருந்து ஓடிவந்து "வாங்க வாங்க" என்று முந்திக்கொள்கிறார்கள். கல்யாணமாகி முதன்முதலில் வலது காலை எடுத்து வைத்து நுழைந்தபோது, ஆரத்தித் தட்டோடு நின்ற என் மாமியார், "நீ சொல்றதுக்கு முந்தி நாஞ் சொல்லிப்போடறேன் கண்ணு, வா" என்றார். வீடியோவில் அது இன்னும் இருக்கிறது.

போன மாதம் இந்த ஃப்ளாட்டில் பால் காய்ச்சினோம். எல்லாரும் வந்தார்கள். சரசம்மாவும் வந்தார், கவிதாவையும் பேரனையும் கூட்டிக்கொண்டு. அவர்கள் உள்ளே வந்துவிட்டார்கள். இவர் மட்டும் தாம்பாளத் தட்டோடு வாசலுக்கு வெளியிலேயே நின்றார். என் மாமியார் வாங்க என்றார், அம்மா வாங்க என்றார், என் கணவரும் போய்க் கூப்பிட்டார். அவர் அசையவில்லை.

"நீங்கெல்லாம் இருங்க. மாலதி சொல்லட்டும்" என்றார். "அன்னைக்கு எங்கூட்டுலயே என்னைய வாங்கன்னு கூப்புட்டு உக்கார வெச்ச புள்ள. இன்னைக்கு இது உம்பட ஊடு. இப்பக் கூப்புடு கண்ணு, கேக்கறேன்."

அடுப்படியிலிருந்து வாசலுக்குப் போனேன். உள்ளே எல்லாரும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். இரண்டு கையையும் கூப்பினேன்.

"உள்ள வாங்கம்மா" என்றேன். "பாலு குடிங்க."

"சேரிங்க அம்மணி" என்று சொல்லி, சரசம்மா உள்ளே வந்து பாயில் உட்கார்ந்தார்.